இத்தாலியக் குடியுரிமைக்கும் தாய்ப்பத்திரம் வேண்டும்

முப்பது வருடம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் புரட்டியவன் நான். ஓய்வு பெற்றபின் இத்தாலிய நாட்டுப் பதிவேடுகளைப் புரட்டுவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. மகன் சாவ் பாவ்லோவில் வேலை பார்க்கிறான், மருமகள் பிரேசில்காரி. அவள் அப்பாவின் குடும்பப் பெயர் வடகிழக்கு இத்தாலியின் வெனெத்தோ பகுதிக்கே உரிய அசல் பெயர். எள்ளுத்தாத்தா 1890களில் திரெவிசோ பக்கத்திலிருந்து காப்பித் தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்தவராம். “எங்களுக்கும் இத்தாலியப் பாஸ்போர்ட் கிடைக்கும்” என்ற பேச்சு அந்த வீட்டில் இருபது வருடமாக ஓடுகிறது.

போன வருடம் ஒரு ஏஜென்சியிடம் கேட்டார்கள். மறுநாளே வாட்ஸ்அப்பில் கட்டண விவரம் வந்துவிட்டது, நான்கு பேருக்கும் சேர்த்து. எத்தனையாவது தலைமுறை, வந்தவர் பிரேசில் குடியுரிமை வாங்கினாரா, எந்த ஊரில் பிறந்தார் என்று ஒரு கேள்வி கிடையாது. மூலப்பத்திரத்தைப் பார்க்காமல் கிரயம் பேசுகிற புரோக்கரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பணம் கட்டாதே, முதலில் காகிதத்தை எடு என்று மருமகளிடம் சொன்னேன். அதன்பிறகு நாங்கள் கற்றுக்கொண்டதை, இதே வழியில் இறங்குபவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: தலைமுறையை எண்ணுங்கள்

இத்தாலியில் குடியுரிமை ரத்த வழியாக வருவது. 1912இன் 555ஆம் எண் சட்டமும், இப்போது நடப்பில் உள்ள 1992இன் 91ஆம் எண் சட்டமும் இதையே சொல்கின்றன. முன்பு தலைமுறைக்கு வரம்பே இல்லை. இத்தாலி ஒன்றுபட்ட 1861 மார்ச் 17க்குப் பிறகு உயிரோடு இருந்த ஒரு முன்னோர் இருந்து, அவரிடமிருந்து சங்கிலி அறுபடாமல் வந்தால், எள்ளுப்பேரனுக்கும் உரிமை உண்டு. அரசு குடியுரிமையைக் கொடுப்பதாகக் கணக்கில்லை. பிறக்கும்போதே இருந்ததை அங்கீகரிக்கிறது, அவ்வளவுதான்.

அந்தக் கதவு 2025 மார்ச் 27 இரவு 11.59க்கு, ரோம் நேரப்படி, மூடப்பட்டது. மறுநாள் 36ஆம் எண் அவசரச் சட்டம் வந்தது. மே மாதம் அது 74ஆம் எண் சட்டமாக நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இத்தாலிக்கு வெளியே பிறந்து வேறு குடியுரிமையும் வைத்திருப்பவர், இத்தாலியக் குடியுரிமையை எப்போதுமே பெறாதவராகக் கருதப்படுவார் என்கிறது புதுச் சட்டம். விலக்குகள் சில உண்டு. அந்த இரவுக்குள் முழு ஆவணங்களோடு விண்ணப்பித்தவர்கள், வழக்குப் போட்டவர்கள், விண்ணப்பிக்க நாள் குறித்துத் தகவல் பெற்றவர்கள் பழைய விதியில் போவார்கள். மற்றவர்களுக்கு இரண்டே வழி:

ஒன்று, அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி இவர்களில் ஒருவர் இத்தாலியக் குடியுரிமையை மட்டுமே வைத்திருக்க வேண்டும். இறந்திருந்தால், இறக்கும்போது அது மட்டுமே இருந்திருக்க வேண்டும்.

இரண்டு, அப்பா அல்லது அம்மா இத்தாலியக் குடியுரிமை பெற்ற பிறகும் பிள்ளை பிறப்பதற்கு முன்பும், இத்தாலியில் தொடர்ந்து 2 ஆண்டு வசித்திருக்க வேண்டும்.

“மட்டுமே” என்ற சொல்லில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். தாத்தா புவெனஸ் ஐரிஸில் இத்தாலியத் தம்பதிக்குப் பிறந்தவர் என்றால், பிறப்பாலேயே அர்ஜென்டினக் குடிமகன். ஆகவே “மட்டுமே” பொருந்தாது. நடைமுறையில், தாத்தாவே இத்தாலியில் பிறந்து, கப்பலேறி வந்து, கடைசிவரை வேறு குடியுரிமை வாங்காமல் கண்மூடியிருந்தால்தான் பேரனுக்கு வழி.

ஏன் இப்படிச் செய்தார்கள் என்றால், அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. வெளிநாட்டில் வாழும் இத்தாலியக் குடிமக்கள் பத்து ஆண்டில் ஏறத்தாழ 46 லட்சத்திலிருந்து 64 லட்சமானார்கள் என்று அரசு கணக்குச் சொன்னது. மலையடிவார ஊரான வால் தி சோல்தோவின் மேயர், பிரேசிலிலிருந்து வந்து குவியும் கோப்புகளைப் பார்த்து வெறுத்துப்போய், அலுவலகத்தில் பிரேசில் கொடியையே ஏற்றினார். பத்திரப் பதிவு ஆபீசில் முகூர்த்த நாள் கூட்டத்தைப் பார்த்தவன் என்ற முறையில் அந்த மேயர்மீது எனக்குக் கோபம் வரவில்லை.

எங்கள் வீட்டு எள்ளுத்தாத்தா வழி இதோடு முடிந்தது. ஏஜென்சி விலை பேசியது அந்த வழிக்குத்தான்!

இரண்டாவது: எல்லாக் கிளைகளையும் பாருங்கள்

குடும்பப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடாதீர்கள். மருமகளின் அம்மா வழித் தாத்தா 1929இல் தெற்கு இத்தாலியில், கலாப்ரியாவின் கொசென்சா மாவட்டத்தில் பிறந்தவர். 1953இல் மெக்கானிக் வேலைக்குப் பிரேசில் வந்தார். அவர் பெயர் மருமகளுக்குப் பின்னொட்டாக வரவில்லை என்பதால் யாருமே அவரைக் கணக்கில் எடுக்கவில்லை. நாங்கள் தேடியது திரெவிசோவில், இருந்தது கொசென்சாவில்.

பெண் வழி என்றால் ஒரு தேதியை மனதில் வையுங்கள்: 1948 ஜனவரி 1. இத்தாலிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த நாள் அது. அதற்கு முன் பிறந்த பிள்ளைக்கு அம்மா குடியுரிமையைக் கடத்த முடியாது என்பது பழைய சட்டம். இது ஆண் பெண் சமத்துவத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றமான கசாசியோனே 2009இல் (4466ஆம் எண் தீர்ப்பு) சொல்லிவிட்டது. ஆனாலும் தூதரகம் அதை ஏற்காது, வழக்குத்தான் போட வேண்டும். “1948 வழக்கு” என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான். மருமகளின் அம்மா 1958இல் பிறந்தவர், மருமகள் 1988இல். ஆகவே எங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

வடக்கு எல்லை ஊர்களிலும் ஒரு கண்ணி உண்டு. வெனெத்தோ 1866இல்தான் இத்தாலியோடு சேர்ந்தது. த்ரெந்தோ பகுதி 1920வரை ஆஸ்திரியாவிடம் இருந்தது. அதற்கு முன்பே அங்கிருந்து கிளம்பியவர், பேசியது இத்தாலிய மொழியானாலும், சட்டப்படி இத்தாலியக் குடிமகன் கிடையாது.

மூன்றாவது: வில்லங்கம் பார்ப்பது

நம் ஊரில் நிலம் வாங்குபவர் தாய்ப்பத்திரம் பார்த்தால் போதாது, வில்லங்கச் சான்றும் போட்டுப் பார்ப்பார் இல்லையா? இங்கே வில்லங்கம் என்பது, முன்னோர் வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியது. 1992 ஆகஸ்ட் 16க்கு முன், ஒரு இத்தாலியர் தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கினால் இத்தாலியக் குடியுரிமை போய்விடும். அடுத்த தலைமுறை பிறப்பதற்கு முன்பே அது நடந்திருந்தால் சங்கிலி அங்கேயே அறுந்தது.

பிள்ளை பிறந்தபின், ஆனால் அவர் மைனராக இருக்கும்போதே அப்பா குடியுரிமை மாறியிருந்தால்? முன்பெல்லாம் தூதரகங்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. 2023, 2024 ஆண்டுகளில் கசாசியோனே வழங்கிய தீர்ப்புகளை வைத்து, உள்துறை அமைச்சகம் 2024 அக்டோபர் 3 அன்று சுற்றறிக்கை விட்டது. மைனரின் குடியுரிமையும் அப்பாவோடு போயிற்று என்பதே அதன் நிலை. இது அமெரிக்கக் குடும்பங்களைத்தான் அதிகம் அடித்தது. அங்கே இறங்கிப் பத்துப் பதினைந்து வருடத்தில் குடியுரிமை வாங்கியவர்கள் ஏராளம்.

இதை எங்கே தெரிந்துகொள்வது? பிரேசில் என்றால் நீதித்துறை அமைச்சகம் “குடியுரிமை பெறவில்லை” என்ற சான்றிதழை இணையத்திலேயே தருகிறது. முன்னோரின் பெயர் எப்படியெல்லாம் திரிந்து எழுதப்பட்டதோ, அத்தனை வடிவங்களையும் போட்டு வாங்க வேண்டும். அர்ஜென்டினாவில் தேசியத் தேர்தல் நீதிமன்றம் தருகிறது. அமெரிக்காவில் குடியேற்றத் துறையிடமும் தேசிய ஆவணக் காப்பகத்திடமும் தேட வேண்டும். அமெரிக்கப் பழைய மக்கள்தொகைக் கணக்கேட்டில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது, அதில் சுருக்கெழுத்துப்போல இரண்டு எழுத்து. ‘ஏ.எல்.’ என்றால் அந்நியர், ‘பி.ஏ.’ என்றால் முதல் மனு போட்டவர், ‘என்.ஏ.’ என்றால் குடியுரிமை பெற்றவர். ஆதாரமாக ஏற்க மாட்டார்கள், ஆனால் எந்த வருடத்தைச் சுற்றித் தேடுவது என்று தெரியும்.

எங்களுக்கு அதிர்ஷ்டம் மேசை இழுப்பறையில் இருந்தது. தாத்தாவின் வெளிநாட்டவர் அடையாள அட்டை, பிரேசில் அரசு கொடுத்தது, பாட்டி தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். சாகும்வரை அவர் அங்கே அந்நியராகவே இருந்தார் என்பதற்கு அதைவிடப் பேசும் சாட்சி வேறென்ன?

நான்காவது: பத்திரங்களைச் சேர்ப்பது

இந்த வேலையை முடிந்தவரை நீங்களே செய்யுங்கள். செலவு பாதியாகக் குறையும், குடும்பக் கதையும் தெரியவரும்.

தேவை இவைதான்: இத்தாலியில் பிறந்தவரின் பிறப்புப் பதிவு, அவரிலிருந்து உங்கள்வரை ஒவ்வொருவரின் பிறப்பு, திருமண, இறப்புச் சான்றுகள், மணமுறிவு இருந்தால் அதன் தீர்ப்பு, மேலே சொன்ன குடியுரிமை பெறாத சான்று. வெளிநாட்டுச் சான்றுகள் ஒவ்வொன்றுக்கும் அப்போஸ்டில் முத்திரை (சான்று வேறு நாட்டிலும் செல்லும்படி, அதைக் கொடுத்த நாட்டின் அரசு வைப்பது), இத்தாலிய மொழியில் மொழிபெயர்ப்பு. பிரேசிலில் சுருக்கச் சான்று வாங்காதீர்கள், பதிவேட்டில் உள்ளதை முழுமையாக எடுத்தெழுதிய நகல்தான் வேண்டும். ஓரக்குறிப்புகள் எல்லாம் அதில்தான் வரும்.

இத்தாலியப் பதிவை அந்த ஊரின் நகராட்சியிடம், அவர்கள் சொல்லில் கொமூனேயிடம், கேட்க வேண்டும். பெற்றோர் பெயர்களும் அடங்கிய நகல் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள், இல்லாவிட்டால் மொட்டைச் சான்று வரும். ஊர் தெரியும் தேதி தெரியாது என்றால் அந்தெனாத்தி என்ற அரசுத் தளம் இருக்கிறது. மாவட்ட ஆவணக் காப்பகங்களின் பழைய பதிவேடுகளை ஸ்கேன் செய்து இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். தெற்கே நெப்போலியன் காலமான 1809இலிருந்தே சிவில் பதிவு உண்டு. வெனெத்தோவில் முறையான பதிவு 1871இல்தான் தொடங்குகிறது, அதற்கு முன் பிறந்தவருக்குத் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடே கதி. ஊரே தெரியாதா? ஆண்களுக்கு ராணுவ ஆள்சேர்ப்புப் பட்டியலைத் தேடுங்கள். சாவ் பாவ்லோவில் இறங்கியவர்கள் பெரும்பாலும் பிராஸ் பகுதியில் இருந்த குடியேறிகள் விடுதியில் பதிவானவர்கள். அந்தக் கட்டடம் இப்போது அருங்காட்சியகம், பதிவேடுகள் மின்வடிவில் கிடைக்கின்றன.

பெயர்க் குழப்பம் கண்டிப்பாக வரும். ஜுசெப்பே பிரேசிலில் ஜோசே ஆவார், ஜொவான்னி ஜுவாவ் ஆவார். குடும்பப் பெயரில் இரண்டு எழுத்து ஒன்றாகும். சின்னத் திரிபுகளைப் பெற்றோர் பெயரும் தேதியும் ஒத்துப்போனால் விட்டுவிடுவார்கள். தேதியோ பெற்றோர் பெயரோ மாறினால் அந்த நாட்டிலேயே பதிவைத் திருத்த வேண்டும். திருத்தியபிறகுதான் அப்போஸ்டில். வரிசை மாறினால் முத்திரைக் காசு தண்டம்.

நம்மவர்கள் அந்தக் குடும்பத்தில் மருமகனாகவோ மருமகளாகவோ இருந்தால் இன்னொரு தலைவலி சேரும்: இனிஷியல். என் மகனின் திருமணம் சென்னையில் பதிவானது. திருமணச் சான்றில் இனிஷியலோடு பெயர், பாஸ்போர்ட்டில் என் பெயர் குடும்பப் பெயராக, பிறப்புச் சான்றில் வெறும் பெயர். மூன்றும் ஒரே ஆள்தான் என்று ஒரு இத்தாலியப் பதிவாளருக்கு விளங்க வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஊருக்கு வரும்போதே சான்றுகளை ஒரே மாதிரி திருத்தி, மாநில அரசின் சான்றொப்பமும் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டிலும் வாங்கிவிடுவது நல்லது.

ஐந்தாவது: தூதரகமா, நீதிமன்றமா, நேரில் போவதா?

தூதரகம்தான் சாதாரண வழி. வயது வந்த ஒவ்வொருவருக்கும் 600 யூரோ, 2025 ஜனவரியிலிருந்து. அதற்குமுன் 300 ஆக இருந்தது. மனு தள்ளுபடியானாலும் பணம் திரும்பாது. நாள் கிடைப்பதுதான் பெரும்பாடு. தென் அமெரிக்க நகரங்களில் வரிசை வருடக்கணக்கில் நீண்டது ஊரறிந்த கதை.

நீதிமன்றம் போக வேண்டியவர்கள் யார் என்றால், 1948 வழக்குக்காரர்கள், தூதரகம் மறுத்தவர்கள், வரிசை நகரவே இல்லை என்று நிரூபிக்கக்கூடியவர்கள். 2022 ஜூன் 22 முதல், வெளிநாட்டில் வசிப்பவரின் வழக்கு, முன்னோர் பிறந்த ஊர் எந்தப் பகுதியில் வருகிறதோ அந்தப் பகுதி நீதிமன்றத்துக்குப் போகிறது. திரெவிசோவுக்கு வெனிஸ், கொசென்சாவுக்குக் கத்தன்சாரோ. எதிர்த்தரப்பு உள்துறை அமைச்சகம். நீங்கள் நேரில் போக வேண்டியதில்லை. நோட்டரி முன் கையெழுத்திட்ட பவர் பத்திரத்துக்கு அப்போஸ்டிலும் மொழிபெயர்ப்பும் சேர்த்து வக்கீலுக்கு அனுப்பினால் போதும். நீதிமன்றக் கட்டணமும் இப்போது ஆளுக்கு 600 யூரோ. முன்பு மொத்த வழக்குக்கும் ஒரே கட்டணம் என்பதால் இருபது உறவினர் சேர்ந்து ஒரே மனுவில் போவார்கள், அந்தக் காலம் போய்விட்டது. புதுச் சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது: வாய்மொழிச் சாட்சியம் செல்லாது, குடியுரிமை இழக்கவில்லை என்பதை மனுதாரர்தான் காகிதத்தில் காட்ட வேண்டும்.

மூன்றாவது வழி, இத்தாலிக்கே போய் ஒரு கொமூனேயில் குடியிருந்து அங்கே மனுப்போடுவது. 1991இன் கே.28 சுற்றறிக்கைப்படி இது செல்லும். ஆனால் நிஜமாகவே வசிக்க வேண்டும், நகராட்சிக் காவலர் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்ப்பார். “விலாசம் மட்டும் நாங்கள் தருகிறோம், பதினைந்து நாளில் ஊர் திரும்பலாம்” என்று யாராவது சொன்னால் அது குற்ற வழக்கில் போய் முடியும்.

ஆறாவது: வக்கீல்

இத்தாலிய நீதிமன்றத்தில் உங்களுக்காக நிற்க முடிந்தவர் ‘அவ்வொக்காத்தோ’ மட்டும்தான். ஏஜென்சிகள் காகிதம் சேர்க்கலாம், அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியாது. வக்கீல் ஏதாவது ஒரு மாவட்ட வழக்கறிஞர் சங்கத்தில் பதிவாகியிருப்பார். தேசிய வழக்கறிஞர் மன்றத்தின் தளத்தில் பெயரைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். 2017இன் 124ஆம் எண் சட்டப்படி எழுத்தில் கட்டண மதிப்பீடு கொடுப்பது அவர் கடமை. அதில் நீதிமன்றக் கட்டணம், மொழிபெயர்ப்பு, மேல்முறையீடு, தீர்ப்புக்குப் பிந்தைய பதிவு வேலை எல்லாம் அடங்குமா, தனியா என்று கேளுங்கள். கடைசியில் சொன்னதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

நான் மருமகளுக்கு எழுதிக் கொடுத்த கேள்விகள் இவை. 74ஆம் எண் சட்டத்தின் எந்த விலக்கில் எங்களைச் சேர்க்கிறீர்கள்? மைனர் பிரச்சினை எங்கள் சங்கிலியில் இருக்கிறதா? டுரின் நீதிமன்றம் 2025இல் இந்தச் சட்டத்தை அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு அனுப்பியதே, அது எங்களை எப்படிப் பாதிக்கும்? தோற்றால் எதிர்த்தரப்புச் செலவு எங்கள் தலையில் விழுமா? மூன்றாவது கேள்விக்குத் தடுமாறுபவரிடம் கோப்பைக் கொடுக்காதே என்றேன். நிச்சயம் ஜெயிக்கும் என்பவரிடமும் கொடுக்காதே என்றேன். பணத்தைக் கட்டம் கட்டமாகத்தான் கொடுக்க வேண்டும்.

எல்லோருக்கும் முழு வழக்கு தேவையுமில்லை. நாங்கள் கோப்பைச் சரிபார்க்க மட்டும் ஒரு வக்கீலுக்கு மணிக்கணக்கில் ஃபீஸ் கொடுத்தோம். தாத்தாவின் திருமணப் பதிவில் அவர் அம்மா பெயர் மாறியிருந்ததை அவர்தான் கண்டுபிடித்தார். முப்பது வருடம் பத்திரம் பார்த்த எனக்கு அது படவில்லை!

ஏழாவது: கிடைத்த பிறகு

தூதரகம் ஏற்றால் பிறப்பு, திருமணப் பதிவுகள் கொமூனேக்குப் போய் அங்கே ஏறும். நீதிமன்றம் என்றால், மேல்முறையீட்டுக் காலம் முடிந்து தீர்ப்பு இறுதியான பிறகே இது நடக்கும். அப்புறம் வெளிநாடுவாழ் இத்தாலியர் பதிவேட்டில் பெயர், அதன்பிறகு பாஸ்போர்ட்.

பிள்ளைகளுக்குத் தானாக வரும் என்று நினைக்காதீர்கள். என் பேரன் பேத்திக்கு அந்தத் தாத்தா கொள்ளுத்தாத்தா ஆகிவிட்டார், அவர்கள் வரம்புக்கு வெளியே. அம்மா அங்கீகாரம் பெற்றபின், பெற்றோர் விருப்பம் தெரிவித்து, பிள்ளைகள் மைனராக இருக்கும்போதே இத்தாலியில் 2 ஆண்டு தொடர்ந்து வாழ்ந்தால் கிடைக்கும். புதிதாய்ப் பிறக்கும் குழந்தைக்கு அறிவிப்புக் கெடு உண்டு, ஆகவே பிறந்த உடனே தூதரகத்தில் கேட்டுவிடுங்கள்.

கணவன், மனைவிக்குத் தனி வழி: வெளிநாட்டில் வசித்தால் திருமணமாகி 3 ஆண்டு, இத்தாலியில் என்றால் 2 ஆண்டு, பிள்ளைகள் இருந்தால் அதில் பாதி. கூடவே பி1 நிலை, அதாவது இடைநிலை, இத்தாலிய மொழித் தேர்வு. இந்தியக் குடிமக்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். நம் நாடு இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இத்தாலியக் குடியுரிமை வாங்கிய அன்றே இந்தியக் குடியுரிமை போகும், ஓ.சி.ஐ. அட்டைதான் மிஞ்சும். என் மகன் இப்போதைக்கு வேண்டாம் என்று இருக்கிறான்.

இத்தாலியிலேயே வேர்விட்ட தமிழர்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும் என்பது பலருக்குத் தெரியவில்லை. பலெர்மோவில் ஈழத்தமிழர்கள் பல்லாண்டுகளாக வாழ்கிறார்கள். பத்து ஆண்டு சட்டப்படி வசித்துக் குடியுரிமை வாங்கியவர், உடனே வேறு நாட்டுக்குப் போய் அங்கே பிள்ளை பெற்றால், மேலே முதல் படியில் சொன்ன அந்த 2 ஆண்டுக் கணக்கும் “மட்டுமே” கணக்கும் அவர் பிள்ளைக்கும் உண்டு. குடியுரிமை கிடைத்த தேதி, இத்தாலியில் வசித்த பதிவு, ஊரைவிட்டுப் போன தேதி மூன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

தாத்தா வழி அடைபட்டவர்களுக்கும் ஒரு சந்து இருக்கிறது. அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி ஒருவர் பிறப்பால் இத்தாலியராக இருந்திருந்தால், இத்தாலியில் 2 ஆண்டு சட்டப்படி வசித்தபின் குடியுரிமை கேட்கலாம், முன்பு அது 3 ஆண்டு. இத்தாலியில் பிறந்து, பழைய சட்டத்தால் குடியுரிமை இழந்த முதியவர்கள் வீட்டில் இருந்தால், 2027 டிசம்பர் 31க்குள் தூதரகத்தில் ஓர் அறிவிப்புக் கொடுத்து அதைத் திரும்பப் பெறலாம்.

மருமகளின் கோப்பு, அம்மா பெயர்த் திருத்தம் முடிந்து, தூதரகத்தில் இருக்கிறது. இழுப்பறையில் கிடந்த தாத்தாவின் அட்டையை லேமினேட் செய்யலாமா என்று அவள் கேட்டாள். செய்யாதே, அசலை அசலாகவே வை என்று சொல்லியிருக்கிறேன்.